சண்டை வரும் கூட்டத்தை நடத்துவது எப்படி?

ஆண்டுவிழாவில் ஒரு முறையாவது பட்டிமன்றம் நடத்தாத தமிழ்ச் சங்கம் வடக்கே அநேகமாக இருக்காது. நடுவர் நடுநாற்காலியில் அமர்வார். இருபுறமும் மும்மூன்று பேர். ஒருவரையொருவர் வாரிவிடுவார்கள். கடைசியில் நடுவர் தீர்ப்புச் சொல்வார், நாம் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போவோம். தோற்ற அணிக்கும் அதே சாம்பார் சாதம்தான் கிடைக்கும் என்பதால் யாருக்கும் மனக்கசப்பு இல்லை.

இது நமக்குப் பழக்கமான, மிகப் பழைய கலை. மணிமேகலையில் இந்திர விழாவுக்கு முரசறைகிறவன்கூட, வாதிட வல்லவர்கள் பட்டிமண்டபம் ஏறட்டும் என்று அறிவிக்கிறான். பகைவரோடும் கோபமும் கலகமும் கொள்ளாமல் விலகிப் போங்கள் என்றும் சேர்த்தே சொல்கிறான். நாம் முதல் பாதியை நன்றாகப் பிடித்துக்கொண்டோம்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பட்டிமன்ற நடுவரை மனத்தில் வைத்துக்கொண்டு நாம் மற்றக் கூட்டங்களுக்கும் தலைமை தாங்கப் போகிறோம். நாற்காலி கொடுத்தார்களே, தீர்ப்புச் சொல்ல வேண்டாமா என்று நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால் என்ன இழந்தேன் என்பதைச் சொல்லி, பிறகு கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். (நம் சங்கத்தின் பொதுக்குழுவைப் பற்றித்தான் மறைமுகமாக எழுதுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம்.)

நாக்பூரில் ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். 1984-லிருந்து, ஓய்வு நேரத்தில் சாரணர் இயக்கத்தில் தொண்டராக இருந்துவருகிறேன். பாரத் சாரணர் சாரணியர் அமைப்பில் ரயில்வேக்கும் மாநிலங்களைப் போலவே தனிக் கிளைகள் உண்டு. காலனிக்குக் காலனி ஒரு குழு, அதற்கு ஒரு சாரண ஆசிரியர். அவர் பகலில் ஃபிட்டராகவோ, கார்டாகவோ, குமாஸ்தாவாகவோ இருப்பார். ஞாயிற்றுக்கிழமை சீருடை உடுத்தி, கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்கு முடிச்சுப் போடவும் முதலுதவி செய்யவும் சொல்லித்தருவார். இதற்குச் சம்பளம் கிடையாது.

சம்பளம் இல்லை என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். ஆபீசில் நீங்கள் ஒருவரிடம் சண்டை போட்டால் மறுநாள் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாவது வந்து உட்காருவார், முதல் தேதி வருகிறதல்லவா? தொண்டர் அப்படியல்ல. மனம் நொந்தால் சொல்லாமல் நின்றுவிடுவார். அவரோடு அவர் சேர்த்த பிள்ளைகளும் நின்றுவிடுவார்கள்.

இன்னொன்று, தொண்டர்கள் அற்ப விஷயத்துக்குச் சண்டை போடுகிறார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் சிரிப்பதுண்டு. அவர்களுக்கு அது அற்பமல்ல. அந்த இயக்கம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டிருக்கிறார்கள். இந்தியாவில் சாரணர் இயக்கத்தின் வரலாறே பெரிய சண்டைகளின் வரலாறுதான். தொடக்கத்தில் அது ஐரோப்பியச் சிறுவர்களுக்கும் ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கும் மட்டும் என்று இருந்தது. நம் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் இந்தியப் பிள்ளைகளுக்கென்று தனிச் சாரணர் சங்கம் கண்டார். 1918-ல் அலகாபாத்தில் மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரூ, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதி சாரணர் சங்கத்தைத் தொடங்கினார்கள். இயக்கத்தின் தந்தையான பேடன் பவல் 1921-ல் இந்தியா வந்தபோது பெசன்ட் அம்மையாரின் சங்கம் அவருடைய அமைப்போடு இணைந்தது. சேவா சமிதி இணையவில்லை.

1937-ல் டெல்லியில் நடந்த ஜாம்போரிக்கு பேடன் பவல் மறுபடியும் வந்தார். அதையொட்டி இந்தியர்களின் குணத்தைக் குறைத்து அவர் சொன்ன கருத்து பெரிய கொந்தளிப்பை உண்டாக்கியது. அடுத்த ஆண்டே பலர் வெளியேறினார்கள். சேவா சமிதியும் அவர்களும் சேர்ந்து ஹிந்துஸ்தான் சாரணர் சங்கம் என்ற தனி அமைப்பு உண்டாயிற்று. நாடு விடுதலை பெற்ற பிறகும் பிளவு நீடித்தது. அப்போது கல்வி அமைச்சராக இருந்த மௌலானா ஆசாத் போன்றவர்கள் இரு தரப்போடும் பேசிப் பேசி, 1950 நவம்பர் 7-ஆம் தேதி இணைப்பு நடந்தது. சாரணியர் 1951 ஆகஸ்ட் 15-ல் வந்து சேர்ந்தார்கள். தலைமை இடத்தில் இருந்தவர் சொன்ன கருத்தால் ஏற்பட்ட முறிவு ஒட்டுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. எங்கள் காலனியின் சின்னச் சண்டையில் அதுகூட ஆகவில்லை, முறிந்தது முறிந்ததுதான்.

1996 நவம்பரில் அது நடந்தது. டிசம்பர் 23 முதல் 26 வரை ராம்டேக் அருகே முகாம். அதைத் திட்டமிட மாதாந்திரக் கூட்டம். வழக்கமாகத் தலைமை தாங்குகிற பெரியவர் ஊரில் இல்லை. செயலாளர் என்ற முறையில் நான் உட்கார்ந்தேன். என்னைத் தவிரப் பத்துப் பேர். எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தது, சமையல் என்ற இடம் வரும்வரை. முகாமில் ஒவ்வோர் அணியும் தனக்குத் தானே சமைப்பது எங்கள் பழக்கம். முட்டை, இறைச்சி கூடாது, முகாம் முழுவதும் சைவமாக இருக்கட்டும் என்றார் ஒருவர். உடனே பற்றிக்கொண்டது. வங்காளி நண்பர் மீனைப் பற்றிப் பேசினார், ஒரு மராட்டியர் பாத்திரத்தைப் பற்றிப் பேசினார், யார் பிள்ளையின் பாத்திரத்தில் யார் சமைப்பது என்று குரல்கள் உயர்ந்தன.

லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்த ஆந்திரக் கிறிஸ்தவ நண்பர் ஒருவர் எங்களில் மிகச் சிறந்த சாரண ஆசிரியர். குறைவாகப் பேசுவார். அவர் கையைத் தூக்கி, "இறைச்சி வேண்டாம், சரி. முட்டையை மட்டும்..." என்று ஆரம்பித்தார். மணி எட்டரை. நான் வீட்டில் சைவம். என் மனம் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. "முட்டை என்று ஆரம்பித்தால் அப்புறம் கோழி வரும். நான்கு நாள்தானே, பொறுத்துக்கொள்ளக் கூடாதா?" என்று சொல்லி, வாக்கெடுப்பு என்று அறிவித்துவிட்டேன். ஐந்துக்கு ஐந்து. தலைவர் என்ற முறையில் என் வாக்கைச் சைவத்துக்குப் போட்டேன். முட்டையும் கூடாது என்று தீர்மானமாயிற்று.

அவர் எழுந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்கார்ஃபைக் கழற்றி நான்காக மடித்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். பிறகு வரவே இல்லை. அவர் குழுவில் இருந்த பதினான்கு பிள்ளைகளும் இரண்டே மாதத்தில் கலைந்துபோனார்கள்.

அவர் என்ன சொல்ல வந்தார் என்பது 1999-ல்தான், வேறொருவர் மூலம் எனக்குத் தெரிந்தது. அவருடைய பிள்ளைகளில் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள். முகாமின் மூன்றாம் நாள் கிறிஸ்துமஸ். வீட்டை விட்டு முதன்முறையாக அந்த நாளில் வெளியே இருக்கப் போகும் பிள்ளைகளுக்கு அவர் மனைவி கேக் செய்து தருவதாகச் சொல்லியிருந்தார். கேக்கில் முட்டை இருக்கும். அதற்கு மட்டும் அனுமதி கேட்கத்தான் அவர் கையைத் தூக்கினார். அந்த ஒன்றை அவர் சொல்லி முடித்திருந்தால், சைவம் கேட்ட ஐந்து பேரில் நான்கு பேராவது சரியென்று சொல்லியிருப்பார்கள். எனக்கு அவர்களைத் தெரியும்.

இதில் என் தவறுகள் எவை என்று பிறகு எண்ணிப் பார்த்தேன். முதலாவது, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே ஒரு பக்கம் பேசினேன். ஹென்றி ராபர்ட் என்று ஓர் அமெரிக்க ராணுவப் பொறியாளர் இருந்தார். 1863-ல் நியூ பெட்ஃபோர்டு என்ற ஊரில் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் திடீரென்று அவரைத் தலைமை தாங்கச் சொன்னார்கள். கூட்டம் அவர் கையை மீறிப் போயிற்று. அந்த அவமானம் மனத்தை அரிக்க, கூட்டம் நடத்தும் விதிகளைத் தேடித் தொகுத்து 1876-ல் புத்தகமாகவே வெளியிட்டார். தலைவர் ஒரு விஷயத்தில் வாதாட விரும்பினால் நாற்காலியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும், அந்த விஷயம் முடியும்வரை திரும்பி ஏறக் கூடாது என்பது அதில் ஒரு விதி. அவமானப்பட்டவன் எழுதிய புத்தகம் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். ஒரு முறை பேசியவருக்கு முன்னால் இன்னும் பேசாதவருக்கு இடம் கொடுக்க வேண்டும். ஆதரவாக ஒருவர் பேசினால் அடுத்து எதிர்ப்பவரைக் கூப்பிட வேண்டும். ஒருவரையொருவர் பார்த்துப் பேசாமல் தலைவரைப் பார்த்துப் பேச வேண்டும். கருத்தைத் தாக்கலாம், கருத்துச் சொன்னவரின் உள்நோக்கத்தைத் தாக்கக் கூடாது. இந்த நான்கும் எந்தக் கூட்டத்துக்கும் பொருந்தும். வீட்டில் கல்யாணப் பேச்சுக்கும்கூட முயன்று பாருங்கள்.

இரண்டாவது தவறு அந்த வாக்கு. நம் அரசியல் சட்டத்தின் 100-ஆம் பிரிவு, சபாநாயகர் முதலில் வாக்களிக்கக் கூடாது, இரு பக்கமும் சமமானால் மட்டும் வாக்களிக்க வேண்டும் என்கிறது. நானும் அதைத்தானே செய்தேன் என்று வெகுநாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த வாக்கை எந்தப் பக்கம் போடுவது என்பதற்கும் ஒரு மரபு உண்டு. 1867-ல் பிரிட்டிஷ் பொதுச்சபையின் சபாநாயகராக இருந்த டெனிசன் வகுத்துக் கொடுத்தது அது. வாக்குகள் சமமாக நின்றால், மேலும் பேச வழி விடும் பக்கம் தலைவர் வாக்களிக்க வேண்டும். அதற்கு மேல் பேச வழியில்லை என்றால், இருப்பது இருந்தபடி இருக்கட்டும் என்று விட வேண்டும். பெரும்பான்மை இல்லாத மாற்றத்தைத் தலைவர் தன் ஒரு வாக்கால் உண்டாக்கக் கூடாது. எங்கள் முகாமில் அதுவரை முட்டைக்குத் தடை இருந்ததில்லை. புதிதாக உண்டாக்கியது நான்.

மூன்றாவது, மணியைப் பார்த்தேன். பசி வேளையில் எந்தத் தகராறையும் முடிக்கப் பார்க்காதீர்கள். இதற்கு மேற்கோள் வேண்டியதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதையெல்லாம் பிள்ளைகளுக்கு நான் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். 1987-ல் பயிற்சிக்காகப் பச்மடி தேசியப் பயிற்சி மையத்துக்குப் போயிருந்தபோது கோர்ட் ஆஃப் ஹானர் என்ற முறையைப் பற்றி விரிவாகச் சொன்னார்கள். பிள்ளைகள் ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணிகளாக இருப்பார்கள். அணித் தலைவர்கள் கூடித் தங்கள் குழுவின் காரியங்களைத் தாங்களே பேசி முடிவு செய்வார்கள். சாரண ஆசிரியர் பக்கத்தில் இருப்பார். கேட்டால் யோசனை சொல்வார். கேட்காவிட்டால் வாயை மூடிக்கொண்டிருப்பார். பன்னிரண்டு வயதுப் பையன்களை நம்பி இப்படி விடுகிற நாங்கள், நாற்பது வயதுக்காரர்களின் கூட்டத்தில் மட்டும் பிரம்பைக் கையில் எடுத்துக்கொள்கிறோம்.

அடுத்த பெரிய சோதனை 2009-ல் வந்தது. இந்த முறை பிரச்சினை நம் தமிழ்க் குடும்பம் ஒன்றிலிருந்து. தந்தை தஞ்சை மாவட்டத்துக்காரர், இளமையிலிருந்தே சுயமரியாதைக் கொள்கையில் ஊறியவர். மகன் ஏழாம் வகுப்பு. சாரணனாகச் சேரும் நாளில் சொல்லும் உறுதிமொழியில், கடவுளுக்கும் நாட்டுக்கும் என் கடமையைச் செய்வேன் என்ற பொருளில் ஒரு வாக்கியம் வரும். கடவுள் என்று என் மகன் சொல்ல மாட்டான் என்று தந்தை கடிதம் எழுதிவிட்டார். ஒன்பது பேர் கூடினோம். எங்களில் மூத்தவர், இருபத்திரண்டு ஆண்டுகளாக முகாம்களில் சர்வ சமயப் பிரார்த்தனையை நடத்திவருபவர், "கடவுள் இல்லாத சாரணன் தண்டவாளம் இல்லாத ரயில்" என்றார். இளைஞர் ஒருவர், "பையனை வெளியே தள்ளுவதுதான் சாரண தர்மமா?" என்றார். பழைய வாசனை எனக்கு அடித்தது.

இந்த முறை கரும்பலகையில் ஒரே ஒரு வாக்கியம் எழுதினேன்: இது நாம் தீர்மானிக்க வேண்டிய விஷயமா, ஏற்கெனவே தீர்மானமான விஷயமா? விதிப்புத்தகத்தை எடுத்து உரக்கப் படித்தேன். விரும்பினால் கடவுள் என்ற சொல்லுக்குப் பதிலாக தர்மம் என்ற சொல்லைச் சொல்லலாம் என்று அதிலேயே குறிப்பு இருக்கிறது. நமக்கு முன்னால் யாரோ இதே சண்டையைப் போட்டு, யாரோ பொறுமையாகத் தீர்த்து வைத்திருக்கிறார்கள். (பிரிட்டனில் இதே கேள்விக்கு விடையாக, நம்பிக்கை இல்லாதவர்களுக்கான மாற்று வாசகம் 2014-ல்தான் நடைமுறைக்கு வந்தது.) பாதிச் சூடு அங்கேயே தணிந்தது. ஆனால் தர்மமும் மதச் சொல்தான், அதுவும் வேண்டாம் என்று தந்தையின் கடிதத்தில் இருந்தது. எனவே மீதிப் பாதி எரிந்துகொண்டிருந்தது.

பிறகு இளையவரிலிருந்து தொடங்கி வயது வரிசையில் பேசச் சொன்னேன். நம் ராணுவ நீதிமன்றங்களில் பதவியில் இளையவர்தான் முதலில் கருத்துச் சொல்ல வேண்டும் என்பது விதி. மேலதிகாரி முதலில் சொல்லிவிட்டால் கீழே உள்ளவர் வாயே திறக்க மாட்டார் அல்லவா? கூடவே ஒரு நிபந்தனை வைத்தேன். எதிர்க் கருத்தை மறுப்பதற்கு முன்னால், அதை உங்கள் வாயால் ஒருமுறை சொல்லுங்கள். எதிர்த் தரப்பு, ஆமாம், நான் சொன்னது இதுதான் என்று தலையாட்டிய பிறகு மறுக்கலாம். முதலில் சிரித்தார்கள். அந்த இளைஞர் இரண்டு முறை தப்பாகச் சொன்னார், பெரியவர் இரண்டு முறையும் இல்லை என்று தலையை ஆட்டினார். மூன்றாம் முறை பெரியவரே பொறுமை இழந்து தன் மனத்தில் இருந்ததைச் சொல்லிவிட்டார். "இன்றைக்கு ஒரு சொல் வேண்டாம் என்கிறீர்கள். நாளைக்கு என் பிரார்த்தனையே வேண்டாம் என்பீர்கள்." அந்தப் பயம்தான் அத்தனை கோபத்துக்கும் அடியில் இருந்தது. பிரார்த்தனையை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, பையன் அந்த நேரத்தில் மௌனமாக நிற்பான் என்று இளைஞர் சொன்னதும் பெரியவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

அப்போது எங்களுடைய சாரணியர் தலைவி ஒருவர் கேட்டார்: "பையனை யாராவது கேட்டீர்களா?"

யாரும் கேட்கவில்லை. எனக்குக் கன்னத்தில் அறைந்தாற்போல் இருந்தது. மறுபடியும் கேக்கை மறந்திருக்கிறேன்! ஒரு வாரம் ஒத்திவைத்தோம். தந்தையின் சம்மதத்தோடு, அவர் வீட்டிலேயே, அந்த அம்மாளும் நானும் பையனிடம் பேசினோம். "எனக்கு தர்மம்னு சொல்றதுல ஒண்ணும் இல்ல அங்கிள். தர்மம்னா அறம்தானே? பாட்டி குறள் சொல்லித்தரும்போது அறத்துப்பால்தான் ஃபர்ஸ்ட்னு சொல்லியிருக்காங்க. அதை நெனச்சுண்டு சொல்றேன்" என்றான். தந்தை சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சொல்லப்போறவன் அவன். அவன் இஷ்டம் சார்" என்றார்.

எல்லாம் இனிதே முடிந்தது என்று எழுத ஆசைதான். விழாவுக்குத் தாய் மட்டும் வந்தார், தந்தை வரவில்லை. பெரியவர் தம் மாறுபட்ட கருத்தைக் குறிப்பேட்டில் பதிவு செய்யச் சொன்னார், பதிவு செய்தோம். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியவரும் வந்தார், பையனும் வந்தான். அதைவிட அதிகமாக ஒரு தலைவர் எதிர்பார்ப்பது பேராசை என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டு எச்சரிக்கைகள். எல்லாப் பேச்சுக்கும் இருபுறம் உண்டு என்று ஏமாந்துவிடாதீர்கள். ஒருவர் இன்னொருவரின் ஜாதியையோ மொழியையோ மதத்தையோ இழித்துப் பேசினால் அங்கே வரிசை முறையெல்லாம் கிடையாது. உடனே நிறுத்தி, அந்தச் சொல்லைத் திரும்பப் பெற வைத்த பிறகுதான் அடுத்த வார்த்தை. இன்னொன்று, ஒரு குழந்தையின் பாதுகாப்பைப் பற்றிப் புகார் வந்தால் அதைக் கூட்டத்தின் விவாதத்துக்கே கொண்டுவரக் கூடாது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்தைப் பற்றித் தகவல் தெரிந்தவர் போலீசில் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். இயக்கத்தின் நல்ல பெயர் என்று யாராவது ஆரம்பித்தால் காது கொடுக்காதீர்கள்.

கடைசியாகக் குறிப்பேடு. கூட்டம் கலையும் முன்பே எழுதி, எல்லாருக்கும் படித்துக் காட்டிவிடுங்கள். முடிவை மட்டும் எழுதாமல், தோற்ற பக்கத்தின் காரணங்களையும் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். 1996 நவம்பர் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. என் கையெழுத்துத்தான். வருகைப் பட்டியலில் நான்காவதாக அந்த ஃபிட்டர் நண்பர் ஆங்கிலத்தில் கையொப்பமிட்டிருக்கிறார். கீழே, "முகாம் உணவு: விவாதத்துக்குப் பின் சைவம் என முடிவு செய்யப்பட்டது, முட்டையும் அனுமதி இல்லை" என்று எழுதியிருக்கிறேன். கிறிஸ்துமஸ் என்ற சொல் அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை.